பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் காலநிலையைப் பற்றி எப்படிப் பேசும்?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் காலநிலை மாற்றத்தை எடுத்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு போன ஒரே ஒரு மாணவி வீட்டில், "நம் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்து மீத்தேன் வருகிறது, பூமி சூடாவதற்கு நாமும் காரணம்" என்று சொல்ல, மறுநாள் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்து, "விவசாயம் செய்வது தப்பு என்றுதான் சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாணவர்களை வகுப்பிலும் வீட்டிலும் இதைப் பற்றிப் பேச வைப்பது எப்படி என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதன் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை, தன் வீட்டுச் சோற்றோடு தொடர்புள்ள ஒரு செய்தியை, யாரையும் குற்றம் சாட்டாமல் எப்படிச் சொல்லும்? அவளை அப்பாவின் முன்னால் தனியாக நிறுத்திவிட்டோமோ என்ற கலக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். காலநிலை ஆராய்ச்சியாளர் அல்ல. நான் சொல்லப்போவது நெல் விளையும் ஊர்களிலும் மீனவர் குடியிருப்புகளிலும் கற்றுக்கொண்டது. சென்னை அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கோ நீலகிரித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரும் என் ஊரும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் விளைபவை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த அப்பாவின் கோபத்தைப் புரிந்துகொள்வோம். டெல்டாவில் "மீத்தேன்" என்ற சொல் வெறும் வேதியியல் சொல் அல்ல. நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் மன்னார்குடியை மையமாக வைத்துத்தான் வந்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் விட்டதும் அந்தப் பிரச்சாரப் பயணத்தின் நடுவில்தான். பிறகு 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம், 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம். ஏழெட்டு ஆண்டுகள் "மீத்தேன் வேண்டாம், வயல் வேண்டும்" என்று முழங்கிய மண்ணில், மகள் வந்து "நம் வயலே மீத்தேன் விடுகிறது" என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? தன்னை எதிர்த்தரப்பில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். உங்கள் மாணவி சொன்ன செய்தி உண்மை. தண்ணீர் தேங்கிய வயலில் காற்று புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. ஆனால் அந்த உண்மையைச் சுமந்து போகிற சொல்லுக்கு அந்த வீட்டில் வேறொரு வரலாறு இருந்தது. அது பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நானே இதைவிடப் பெரிய தவறு செய்திருக்கிறேன். கடலோரத்தில் வேலை பார்த்தபோது எட்டாம் வகுப்பில் புதைபடிவ எரிபொருள் பற்றி நடத்திவிட்டு, "உங்கள் வீட்டில் எங்கெங்கே டீசல் எரிகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று வீட்டில் சொல்லி எழுதி வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு பையனின் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மூன்று நாள் கடலில் இருந்துவிட்டு, டீசல் காசுக்குக்கூட மீன் படாமல் கரைக்கு வந்த அன்று மாலை, மகன் நோட்டை விரித்து, "படகுக்கு டீசல் போடுவதால்தான் கடல் சூடாகிறது அப்பா" என்று படித்துக் காட்டியிருக்கிறான். கன்னத்தில் விழுந்த அடியின் தடம் மறுநாள் காலையும் இருந்தது. அவன் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தான், எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மனிதர் கோபமாக இல்லை, வெட்கப்பட்டார். "படகு என்னுடையது இல்லை டீச்சர், டீசல் எவ்வளவு போடுவது என்பதும் என் கையில் இல்லை" என்றார். முதலாளியின் படகுக்கான கணக்கைக் கூலித் தொழிலாளியிடம் கேட்கச் சொல்லி அவர் மகனை அனுப்பியது நான்தான். அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கடலைப் பற்றிப் பேசினார். நீரோட்டம், வாடைக்காற்று, எந்த மீன் இப்போது எந்த ஆழத்தில் படுகிறது என்றெல்லாம். பையன் வாசற்படியில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிள்ளை முதல் முறை வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது கேள்வியோடுதான் போக வேண்டும். அந்தக் கேள்விக்கு வீட்டில் இருப்பவரைவிடச் சரியான பதில் பாடப்புத்தகத்தில் இருக்கக் கூடாது. "காலநிலை மாற்றம் என்றால் என்ன?" என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னால் அது தேர்வு, அவர் தோற்பார். "நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது சம்பா அறுவடை எப்போது முடியும்? நடுவில் மழை வந்த ஆண்டு எது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொன்னால் அவர்தான் ஆசிரியர்.

ஒரு மாணவி கொண்டுவந்த பதிலைச் சொல்கிறேன். தை மாதம், அறுவடை நேரத்தில் பருவம் தவறிய மழை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அவள் வீட்டு நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். விட்டுவிட்டு அடித்த வெயிலில் சாலையில் கொட்டிக் காலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதியிருந்தது இது: "அப்பா ஒரு பிடி நெல்லை எடுத்து ஊதினார். நாலைந்து நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். 'இன்னும் மெத்தென்று இருக்கிறது, பத்தொன்பது காட்டும்' என்றார். உள்ளே மிஷினில் வைத்தார்கள். 19.4 காட்டியது." வகுப்பில் அதைப் படித்தபோது பின் வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் அப்பா கடித்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஒருவன் ஆரம்பித்தான். வகுப்பு வாயைத் திறக்கவில்லை என்ற குறை அன்று எனக்கு இல்லை.

அந்தப் பதிலில் இன்னொரு பகுதிதான் எனக்கு முக்கியம். அப்பா, "முன்பெல்லாம் தையில் மழையே பெய்யாது" என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்த அப்பாயி, "ஏன் பெய்யாது? உன் அண்ணன் பிறந்த வருசம் களத்திலேயே நெல் முளைத்ததே, மறந்துவிட்டாயா?" என்று மறுத்திருக்கிறார். மாணவி இரண்டையும் எழுதிக்கொண்டு வந்து, "டீச்சர், யார் சொல்வது சரி?" என்று கேட்டாள். காலநிலை அறிவியல் தொடங்கும் இடமே அந்தக் கேள்விதான். நினைவு ஒரு சாட்சி. நேர்மையான சாட்சியும் தவறாக நினைவு வைத்திருக்கலாம். நெருக்கமாகப் பட்ட அடி பெரிதாகத் தெரியும், பழைய அடி ஆறிப்போகும். அப்படியானால் எழுதி வைத்த கணக்கு வேண்டும். பல வட்டாட்சியர் அலுவலக வளாகங்களில் மழைமானி உண்டு. நாகப்பட்டினத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலேயே சில இடங்களில் மேட்டூர் அணை திறந்த தேதி, நாற்றுவிட்ட தேதி எல்லாம் எழுதிய பழைய டைரிகள் கிடைத்தன. "ஐப்பசி அடைமழை", "ஆடிப்பட்டம் தேடி விதை" போன்ற பழமொழிகளைக்கூட நான் பழம்பெருமையாக இல்லாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றுகளாகவே வகுப்பில் வைப்பேன். கடந்த பத்து ஐப்பசியில் எத்தனை அடைமழை என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஆனால் பத்தாண்டுக் கணக்கை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். காலநிலை என்பது குறைந்தது முப்பது ஆண்டுகளின் சராசரி.

பிள்ளைகள் மூலம் பெற்றோரின் கருத்து மாறுமா என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கடலோரப் பகுதிகளில் 10 முதல் 14 வயது வரையான மாணவர்களை வைத்துச் செய்தது, 2019-ல் வெளிவந்தது. அங்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பேட்டி எடுத்தார்கள், உள்ளூர்ப் பிரச்சினையையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். பெற்றோரின் அக்கறை கூடியது. முக்கியமாக அப்பாக்களிடமும், அதுவரை இதை நம்பாத அரசியல் சார்புடையவர்களிடமும் கூடியது. மகன்களைவிட மகள்கள் சொன்னது அதிகம் எடுபட்டது. நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தடை அரசியல் சார்பு. இங்கே அது பெரிதாக இல்லை. இங்கே தடை வயது, மரியாதை, வருமானம். மகள் பேச்சு எடுபடுமா என்பதும் வீட்டுக்கு வீடு மாறும்.

வகுப்பறைக்கு வருகிறேன். பிள்ளைகள் பேசாததற்குப் பாதிக் காரணம் நம் சொற்கள். "பசுமை இல்ல வாயு" என்று பாடம் சொல்கிறது. கண்ணாடி வீட்டுக்குள் செடி வளர்ப்பதை நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. பசுமை என்றால் அவர்களுக்கு நல்லது, மரம், வயல். "பசுமை இல்ல வாயு நல்லதா கெட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள், நான் கேட்டபோது பாதி வகுப்பு நல்லது என்று கை தூக்கியது. நான் போர்வை என்று சொல்லித் தொடங்குவேன். மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டால் உடம்பின் சூடு வெளியே போகாது. அந்தப் போர்வை கொஞ்சம்கூட இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும், தடித்துக்கொண்டே போனால் வேகும். அடுத்து, "பருவநிலை மாற்றம்" என்ற சொல். செய்தித்தாளில் இதுவும் வருகிறது, "காலநிலை மாற்றம்" என்பதும் வருகிறது. பருவம் மாறுவது ஆண்டுதோறும் நடப்பதுதானே என்று பிள்ளை நினைக்கும். வகுப்பில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது என்பது பிள்ளைகளிடம் மட்டுமல்ல, ஆசிரியர் ஓய்வறையிலும் நான் கேட்ட விளக்கம். அது வேறு பிரச்சினை, ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பிறகு அந்தப் புண் மெல்ல ஆறி வருகிறது.

கடலோரத்தில் இன்னும் ஒரு குழப்பம் உண்டு, அதைத் தொடும்போது கை நடுங்க வேண்டும். சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்தது சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால். அதைத் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் எந்த வீட்டில் யார் போனார்கள் என்று தெரிந்த பிறகு, அதற்குரிய குரலில் திருத்துங்கள்.

வகுப்பு அமைதியாக இருப்பதற்கு மறுபாதிக் காரணம் நாம் காத்திருக்காதது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் கவனித்துச் சொன்னது: கேள்வி கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் ஒரு விநாடிக்குமேல் காத்திருப்பதில்லை. மூன்று விநாடி காத்திருந்தாலே பதில் நீளுகிறது, வாய் திறக்காதவரும் திறக்கிறார்கள். நான் மனத்துக்குள் பத்து எண்ணுவேன். முதல் வாரம் அது பெரிய சங்கடமாக இருக்கும். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவிட்டுப் பிறகு வகுப்புக்குச் சொல்லச் சொன்னால், தனியாக எழுந்து நிற்கப் பயப்படும் பிள்ளையும் "இவள் சொன்னாள்" என்று பேசிவிடும்.

நம் பள்ளிகளில் இந்தத் தலைப்பு என்றவுடன் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் வைக்கிறோம். பேச்சுப் போட்டியில் மனப்பாடம் பேசுகிறது. பட்டிமன்றத்தில் "காலநிலை மாற்றத்துக்குக் காரணம் இயற்கையா, மனிதரா?" என்று தலைப்பு வைத்து, குரல் ஓங்கிய அணி ஜெயிக்கிறது. முடிந்துபோன கேள்வியைத் திறந்த கேள்வி போல் மேடை ஏற்றாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையிலேயே திறந்திருக்கும் கேள்விகள் நம் ஊரில் நிறைய உண்டு. கரை அரிக்கும் இடத்தில் கருங்கல் கொட்டுவதா, அலையைத் தாங்கும் அலையாத்தி மரம் நடுவதா? குறுவைக்குத் தண்ணீர் போதாத ஆண்டில் நெல்லை விட்டு உளுந்து போடலாமா, போட்டால் யார் வாங்குவார்கள்? இவற்றில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்பா, தாத்தாவிடம் கேட்டு வந்த பிள்ளை, புத்தகம் மட்டும் படித்த பிள்ளையைவிட நன்றாகப் பேசும்.

செயல்முறை விளக்கத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, விளக்கின் கீழே வைத்து வெப்பநிலை பார்க்கும் சோதனை எங்கும் பரவியிருக்கிறது. அந்த வாயு நிரம்பிய பாட்டில் கூடுதலாகச் சூடாவது பெரும்பாலும் அது கனமான வாயு என்பதால் காற்றோட்டம் தடைபடுவதால்தான், வெப்பக் கதிரை உறிஞ்சுவதால் அல்ல என்று இயற்பியலாளர்கள் காட்டிவிட்டார்கள். விடை சரியாக வரும், காரணம் தவறாக இருக்கும். நான் பல ஆண்டுகள் அதைச் செய்துகாட்டிப் பிறகு விட்டேன். அதற்குப் பதில் கடல்மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர். ஒன்றில் பனிக்கட்டியை மிதக்க விடுங்கள், மற்றதில் தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின்மேல் பனிக்கட்டியை வையுங்கள். நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு உருகும்வரை காத்திருங்கள். மிதந்த பனி உருகிய டம்ளரில் மட்டம் மாறாது, கல்மேல் இருந்தது உருகிய டம்ளரில் ஏறும். பிறகு ஒரு சிறு பாட்டில் நிறைய வண்ணத் தண்ணீர், மூடியில் உறிஞ்சுகுழல், காற்றுப் புகாமல் மெழுகு. வெயிலில் வைத்தால் குழலில் தண்ணீர் மெல்ல ஏறும். கடல் சூடானாலே விரியும் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். வீட்டிலும் செய்துகாட்டலாம், யாரையும் குற்றம் சொல்லாத சோதனை அது.

எது உறுதி, எது ஐயம் என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வீட்டில் அவர்களைக் காப்பாற்றும். எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்லிப் போன பிள்ளை, ஒன்றில் மடக்கப்பட்டால் எல்லாவற்றிலும் தோற்றுவிடும். உறுதியானது இது: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததே முதன்மைக் காரணம். பூமியின் சராசரி வெப்பநிலை 2011-2020 பத்தாண்டில், 1850-1900 காலத்தைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. மனிதச் செயலால் பூமி சூடாகியிருப்பதில் ஐயமே இல்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-ல் எழுதிவிட்டது. 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் ஏந்தும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

இனி, கவனமாகப் பேச வேண்டியவை. வங்கக் கடலில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்லச் சான்று போதாது. உலக அளவில் கடும் புயல்களின் பங்கு கூடியிருக்கிறது என்பதும், உயர்ந்த கடல்மட்டத்தின்மேல் வரும் புயலலை இன்னும் உள்ளே வரும் என்பதும்தான் சொல்லக்கூடியவை. ஒரு தனி நிகழ்ச்சியைக் காட்டி "இது காலநிலை மாற்றத்தால்" என்று சொல்வதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்றே முடிவு எழுதியது. அடுத்த ஆண்டே 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து நம் பயிரெல்லாம் கருகியது. நம் பருவமழை இயல்பிலேயே இப்படி ஏறி இறங்குவது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததைச் சொல்லும்போது, "சூடான உலகில் இப்படிப்பட்ட மழைக்கு வாய்ப்பு கூடுகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழக்குங்கள். இந்த நிதானத்தைக் கற்ற பிள்ளையை வீட்டில் யாரும் எளிதில் மடக்க முடியாது.

வீட்டில் வரும் மறுப்புகள் பெரும்பாலும் நாலைந்துதான், அவற்றில் உண்மையும் இருக்கிறது. "1952-ல் நாகப்பட்டினத்தில் புயல் அடித்தது, 1964-ல் தனுஷ்கோடியே போனது, அப்போதெல்லாம் ஏது இந்தக் கார்பன்?" என்று தாத்தா கேட்பார். "ஆமாம் தாத்தா, புயல் எப்போதும் வந்ததுதான். அந்தப் புயலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "அன்றைய கடலைவிட இன்றைய கடல் சூடு, மட்டமும் உயரம்" என்று ஒரு வரி போதும். "அமெரிக்காக்காரன் புகை விட்டான், நாம் ஏன் குறைக்க வேண்டும்?" என்று மாமா கேட்பார். அவர் கேட்பது நியாயம். ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் காரணம், ஓர் அமெரிக்கர் சுமார் 14 டன். அந்த இந்தியச் சராசரியிலும் நம் கூலி வீடுகளின் பங்கு இன்னும் குறைவு. பிள்ளை இதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சு வேறு இடத்துக்கு நகரும். யார் செய்திருந்தாலும் உப்பு ஏறுவது நம் கிணற்றில். அதற்கு என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம் என்ற இடத்துக்கு. "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று அப்பாயி சொன்னால் அங்கே வாதமே வேண்டாம். அந்த அப்பாயிதான் வாய்க்காலில் குப்பை கொட்டுகிறவனைத் திட்டுகிறவரும். அந்த இடத்தில் பேத்தியும் அவரும் ஒரே கட்சி.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான பத்தாயிரம் பேரிடம் எடுத்த ஆய்வு 2021-ல் வந்தது. அவர்களில் 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தால் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். இணையம் வழியாக எடுத்தது என்பதால் நம் கிராமத்துப் பிள்ளைகளின் மனத்தை அது அப்படியே காட்டுவதாக நான் கொள்ள மாட்டேன். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறிய பிறகு நான் பார்த்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தென்னை முழுவதும் சாய்ந்த தோப்புக்கு நடுவே இருந்த வீட்டிலிருந்து வந்த பையன், அடுத்த ஆண்டு மழை இருட்டினாலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி, "உன் அனுபவத்தைச் சொல்" என்று கேட்கக் கூடாது. அவன் சொல்ல வந்தால் கேட்கலாம். எழுத விரும்பினால் எழுதட்டும், படித்துக் காட்டக் கட்டாயமில்லை. ஆழமான பாதிப்பு தெரிந்தால் அது நம் வேலை அல்ல, மருத்துவரிடம் போக வேண்டியது.

"டீச்சர், நம் ஊர் மூழ்கிவிடுமா?" என்று ஒரு நாள் கேட்பார்கள். பயப்படாதே என்று தட்டிக்கொடுக்காதீர்கள், அழியப்போகிறோம் என்றும் சொல்லாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். இந்த நூற்றாண்டின் முடிவில் கடல்மட்டம், உலகம் புகையை வேகமாகக் குறைத்தால் சுமார் 30 முதல் 60 செ.மீ. வரை உயரும், குறைக்காவிட்டால் ஒரு மீட்டரைக்கூட எட்டலாம். பனிப்பாறைகள் எதிர்பாராத வேகத்தில் உடைந்தால் அதற்கு மேலும் போகலாம். முப்பதுக்கும் நூறுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி இன்னும் எழுதப்படாதது. நம் ஊர் தாழ்ந்த ஊர் என்பதால் அந்த இடைவெளி நமக்குப் பெரிது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். சேற்றில் கால் வைத்து நாற்று நட்ட பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசுவது தனி. ஆனால் மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு திரும்ப வரவிடாதீர்கள். நிலக்கரியை எரிப்பதைக் குறைக்காமல் அது நடக்காது, அந்த முடிவு அரசுகள் எடுக்க வேண்டியது என்பதும் பதினான்கு வயதில் தெரிய வேண்டிய செய்திதான்.

இனி உங்கள் மாணவியின் வீடு. நீங்கள் போய் அந்த அப்பாவைப் பார்க்க வேண்டும், அவளை விட்டுப் பேசச் சொல்லக் கூடாது. மீத்தேன் என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டியது உண்டா என்று கேளுங்கள். வயலை எப்போதும் தேக்கி வைக்காமல், மேல்மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது அவருக்குத் தெரிந்த முறையாகவே இருக்கும், ஒற்றை நாற்று நடவு வந்தபோது வேளாண்மைத் துறையினர் ஊர் ஊராகச் சொன்னதுதான். அந்த முறையில் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறைகிறது. ஆனால் முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது, வந்த தண்ணீரை வயலில் தேக்காமல் இருக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? அந்தச் சிக்கலை அவரே சொல்வார், நீங்கள் கேட்டால். அதைச் சொல்ல வகுப்புக்கு ஒரு நாள் வர முடியுமா என்று அழையுங்கள். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நடவு, அறுவடை வாரங்களில் அழைக்காதீர்கள், களை எடுத்து முடிந்த பிறகு ஒரு நாள் பார்த்து வையுங்கள். பிள்ளைகள் கேள்விகளை முதல் நாளே எழுதி வைத்திருக்கட்டும். அவருடைய மகளை அன்று எதையும் பேசச் சொல்ல வேண்டாம், அவள் விரும்பினால் பேசட்டும்.